சாய்ந்த கோபுரமும் ஓர் இஸ்தோப்பும்

ஓய்வூதிய அலுவலாக 2023 ஆம் ஆண்டு கொழும்புக்குச் செல்ல நேர்ந்தது. கந்தோர் வேலை முற்பகலிலேயே முடிந்துவிட்டது. கிளிநொச்சி பஸ் இரவில்தான். இடைப்பட்ட பொழுதை என் பழைய மாணவன் ஒருவனுடன் கழித்தேன். அவன் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயில்கிறான். 2010 இல் முகாமிலிருந்து ஊர் திரும்பிய நாட்களில், தறப்பாள் கட்டிய கொட்டகையில், மண் தரையில் அமர்ந்து என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை. இன்று எனக்குப் பாடம் சொல்லும் வயதுக்கு வந்துவிட்டான். சொல்லவும் சொன்னான்.

“சேர், உங்களுக்கு ஒரு கட்டடம் காட்ட வேணும். பார்த்திட்டு உங்கட அபிப்பிராயத்தைச் சொல்லுங்கோ” என்று கொம்பனித்தெருப் பக்கமாகப் பேரை வாவிக் கரைக்கு அழைத்துச் சென்றான். பாசி பிடித்த பச்சை நீர். அதன் நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். வானத்தின் ஒரு பங்கை மறைத்துக்கொண்டு நின்றது அவன் சொன்ன கட்டடம்.

அல்டெயர் என்பது அதன் பெயர். இரண்டு கோபுரங்கள். ஒன்று 68 மாடிகளுடன் நிமிர்ந்து நிற்கிறது. மற்றது 63 மாடி. அது அடியில் விலகி நின்று, மேலே செல்லச் செல்லச் சாய்ந்து, முதலாவதன் தோளில் தலை வைத்துக்கொள்கிறது. உயரம் 240 மீற்றர். உள்ளே சுமார் 400 குடிமனைகள். வரைந்தவர் மோஷே சப்டி என்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர். சிங்கப்பூரில் மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்தாற்போல் 2010 இல் எழுந்த மரீனா பே சாண்ட்ஸ் விடுதியும் அவர் வரைந்ததே.

“எப்படி இருக்கு, சேர்?”

“வயலில் களைத்துப்போன ஒருவன் மற்றவன்மேல் சாய்ந்து நிற்பதுபோல் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர் எவரும் வயலில் களைத்தவரல்லர்” என்றேன். என் பதிலில் எனக்கே ஒரு திருப்தி. அவன் சிரித்தான், விட்டுவிடவில்லை.

சாய்வு வெறும் வேடிக்கையன்று என்பது அவன் கட்சி. சாய்ந்த முகத்தில் ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்திலிருந்து சற்று உள்வாங்குகிறது. அந்த இடைவெளியில் திறந்த முற்றம் போன்றதோர் இடம் கிடைக்கிறது. வானளாவிய கட்டடங்களில் அபூர்வமாகக் கிடைப்பது அதுதான். பெட்டிமேல் பெட்டி அடுக்குவதைவிட இது மேலல்லவா? சுற்றிலும் பாருங்கள், கொழும்பில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழுந்த மாடிகளில் எத்தனை வெறும் கண்ணாடிப் பெட்டிகள்! வெப்ப நாட்டில் கண்ணாடிச் சுவர் வைத்து, பின் அதைக் குளிர வைக்க இரவும் பகலும் மின்சாரத்தை எரிப்பது அறிவா? அவற்றின் நடுவே இதிலாவது ஒரு சிந்தனை இருக்கிறது. அவன் பேச்சில் நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை.

நான் வேறொரு பக்கத்திலிருந்து தாக்கினேன். “தம்பி, கோபுரத்தைக் கோபுரமாக மட்டும் பார்க்கிறாய். அது நிற்கும் அயலைப் பார். 2010 மே மாதத்தில் இதே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இராணுவக் காவலுடன் இடிக்கப்பட்டன. அந்த ஆண்டிலேயே நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. நகரத்தை அழகுபடுத்துவது என்ற பெயரில் ஏழைக் குடும்பங்கள் தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. இந்தக் கோபுரம் நிற்கும் நிலத்தைப்பற்றி நான் பேசவில்லை. ஆனால் ஓர் அயலின் மக்கள் வெளியேறிக்கொண்டிருக்கும்போது அங்கே எழும் கட்டடத்தின் வளைவையும் நெளிவையும் பேசுவது, பந்தியில் இடமில்லாதவனிடம் கறியின் ருசியைக் கேட்பது போன்றது.”

“சரி சேர். அந்த அடுக்குமாடிக்கு அனுப்பினவைக்கு என்ன மாதிரி வீடு குடுத்தவை? அதைப்பற்றி ஆராவது இப்பிடி நிண்டு பார்த்துக் கதைச்சவையோ?”

நான் பதில் சொல்லவில்லை.

வாவிக்கரைச் சீமெந்து வாங்கில் அமர்ந்து அவன் ஒரு கதை சொன்னான். சப்டி இளைஞராக இருந்தபோது கனடாவின் மொன்றியல் நகரில் 1967 இல் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே அவர் அமைத்த குடியிருப்பு ஹபிற்றாற் 67. தொழிற்சாலையில் வார்த்தெடுத்த 354 கொங்கிறீற்றுப் பெட்டிகளை, குழந்தை கட்டைகளை அடுக்குவதுபோல் முன்னும் பின்னுமாக அடுக்கி, 158 வீடுகள் ஆக்கினார். ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டுக்குத் தோட்டம். நகரத்தில் நெருங்கி வாழும் சாதாரண குடும்பத்துக்கும் வானமும் செடியும் கிடைக்க வேண்டும். பெருந்தொகையாக வார்த்தால் மலிவாகக் கட்டலாம். இதுவே அவருடைய கனவு. அப்போது அவர் இன்னும் முப்பது வயதைத் தொடவில்லை.

கனவு என்ன ஆயிற்று? நினைத்த அளவு பெருந்தொகையாகக் கட்டப்படவில்லை. ஆகவே மலிவாகவும் இல்லை. நாளடைவில் அது வசதி படைத்தோர் விரும்பி வாங்கும் முகவரியாயிற்று. எல்லோருக்குமென வரைந்த தோட்டம் சிலருக்கானது.

“பார்த்தாயா! சந்தை எதைத் தொட்டாலும் இதுதான் கதி” என்று நான் வெற்றி முழக்கம் செய்தேன்.

“ஓம் சேர். ஆனால் தோட்டம் வேணும் எண்டு நினைச்சது பிழையோ? பிழை எங்க நடந்தது? அது ஏழைக்குக் கிடைக்காமல் போனதில. நீங்கள் என்ன செய்யுறியள் எண்டால், கிடைக்காமல் போனதைப் பார்த்து, அது ஏழைக்குத் தேவையே இல்லை எண்டு சொல்லுறியள்.”

நான் அப்படிச் சொல்லவில்லையே என்று மறுத்தேன். அவன் வாதாடவில்லை. சிறிது நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டான்: “சேர், எங்கட ஊரில அந்தப் பாட்டியின்ர வீட்டுக் கதை ஞாபகம் இருக்கோ?”

ஞாபகம் இருந்தது. இருந்ததால்தான் அன்றிரவு பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கதையைச் சொல்லுமுன், எங்கள் வன்னியில் வீடுகள் எழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 2009 இல் போர் முடிந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கூரையுடன் நின்ற வீட்டைத் தேடத்தான் வேண்டும். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பியோருக்கு முதலில் கிடைத்தது தறப்பாளும் சில தகரங்களும். பிறகு வீட்டுத் திட்டங்கள் வந்தன. அவற்றுள் மிகப் பெரியது 50,000 வீடுகள் கொண்ட இந்திய வீட்டுத் திட்டம். வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகியவற்றுக்கென வகுக்கப்பட்டது அது. ஒரு வீடு 550 சதுர அடியளவு. ஐந்தரை லட்சம் ரூபா தவணை முறையில் கைக்கு வரும். உரியவரே நின்று கட்டிக்கொள்ள வேண்டும். வேறு பல திட்டங்களும் வந்தன. அரசாங்கம் மாறியதும் தவணை நின்றுபோய், அரைச்சுவருடன் புல் முளைத்துக் கிடந்த வீடுகளும் உண்டு. 2022 நெருக்கடியில் சீமெந்தின் விலை ஏறிய ஏற்றத்தில் அத்திவாரத்தோடு நின்றவையும் உண்டு.

இத்தனைக்கும் நடுவே ஒன்றைக் கவனியுங்கள். இந்த வீடுகளைப்பற்றி எழுதப்பட்ட அறிக்கைகளையும் திறப்பு விழாச் செய்திகளையும் புரட்டினால் எங்கும் எண்களே தென்படும். இத்தனை ஆயிரம் வழங்கப்பட்டன, இத்தனை சதவீதம் நிறைவெய்தின. அல்டெயரைப்பற்றிப் பேசுவோர் அதன் சாய்வைப் பேசுகிறார்கள், நிழலைப் பேசுகிறார்கள், அது நகரத்துக்குப் பொருந்துகிறதா என்று சண்டை பிடிக்கிறார்கள். எங்கள் வீடுகளோ எண்ணப்பட்டன, பேசப்படவில்லை.

ஒரே ஒரு முறை பேசப்பட்டன. 2015 ஆம் ஆண்டளவில் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் வீடு. ஒன்றின் செலவு 21 லட்சம் ரூபா அளவில். அப்பொழுது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொறியியலாளர்களும், மக்கள் பிரதிநிதிகளும், சமூக ஆய்வாளர்களும் எழுந்து கேள்வி கேட்டார்கள். அத்திவாரம் போதுமா? காற்றோட்டம் எங்கே? எங்கள் வெயிலில் உருக்குச் சுவருக்குள் பகலில் இருப்பது எப்படி? விறகு எரிக்கும் பெண்ணுக்கு அடுப்பு எங்கே, புகை போக வழி எங்கே? ஏறக்குறையப் பாதிச் செலவில் கல்வீடு கட்டலாமே. கட்டினால் ஊர் மேசனுக்கும் ஓடாவிக்கும், கல் அரிபவனுக்கும் மணல் ஏற்றுபவனுக்கும் கூலி கிடைக்குமே! இரண்டு மூன்று ஆண்டு விவாதம் நடந்தது. கடைசியில் அத்திட்டம் அந்த உருவில் நிறைவேறவில்லை.

நண்பர்களே, அந்த விவாதம் என்ன விவாதம்? கட்டடத்தின் தரத்தைப்பற்றிய விவாதமே. அடுப்பின் புகை எங்கே போகும் என்பது கட்டடக்கலைக் கேள்வி. நடுப்பகலில் கிழவி எங்கே சாய்வாள் என்பது கட்டடக்கலைக் கேள்வி. அதைக் கேட்டபோது நாங்கள் எண்களாக இருக்கவில்லை, குடியிருப்போராக இருந்தோம்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

பாட்டி மலையகத்தவர். 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த ஆயிரக்கணக்கானோருள் ஒருவர். காடு வெட்டினார், பிறர் வயலில் நாற்று நட்டார், காணிக்கு உறுதியில்லாமலே முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். போரில் மகனை இழந்தார். ஊர் திரும்பியபின்னும், காணிப் பத்திரம் இல்லாத காரணத்தால் அவர் பெயர் பட்டியலுக்கு வரப் பல காலம் ஆயிற்று. ஒருவாறு வீடு கிடைத்தது. எந்தத் திட்டத்தின் வீடு என்பது இங்கே முக்கியமன்று.

அந்நாளில் நான் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளன். வரைபடத்தைக் கொண்டுபோய்த் திண்ணையில்லாத அவருடைய கொட்டிலின் வாசலில் விரித்து விளக்கினேன். இது அறை, இது மண்டபம், இது குசினி. அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“இஸ்தோப்பு எங்க மாஸ்டர்?”

தோட்டத்து லயன் அறையை அறியாத வாசகருக்குச் சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. அதில் ஒரு குடும்பம் முழுதும் கிடக்கும். வெள்ளைக்காரத் துரை தொழிலாளிக்கென வகுத்த அளவு அது. ஆயினும் அந்த அறையின் முன்னால் கூரை நீண்டு ஒரு சிறு ஒட்டு இருக்கும். அதுவே இஸ்தோப்பு. கொழுந்துக் கூடையை இறக்குவது அங்கே. மழை நாளில் பிள்ளைகள் விளையாடுவது அங்கே. வந்தவரை உட்கார வைப்பதும், சாவு வீட்டில் கூடியிருப்பதும் அங்கே.

“லயத்துல கூட இஸ்தோப்பு இருந்துச்சு மாஸ்டர். இதுல வாசல தொறந்தா நேரா வெயில்ல காலு வைக்கணும். வந்தவங்க எங்க உக்காருவாங்க? நா எங்க உக்காருவேன்? இந்த ரூம்ப கொஞ்சம் சின்னதாக்கிட்டு முன்னால ஒரு இஸ்தோப்பு வச்சுக் குடுக்கச் சொல்லுங்க.”

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் சொன்னேன். படத்தை மாற்றினால் அடுத்த தவணைக்குச் சிபாரிசு செய்ய முடியாது என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒரு படிவம். அத்துடன் நான் பாட்டியிடம் திரும்பி வந்து சொன்ன வார்த்தைகள் இன்றும் என் காதில் இருக்கின்றன: “பாட்டி, முதலில் சுவரும் கூரையும் வரட்டும். கிடைக்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் இஸ்தோப்பெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.”

அவர் ஒன்றும் பேசவில்லை. வீடு முடிந்தது. சங்கத்தின் பதிவேட்டில் நானே அதை எண்ணில் சேர்த்தேன். ஓராண்டுக்குள் பாட்டி காட்டுத்தடி நான்கு நட்டு, கிடுகு வேய்ந்து, புற்றுமண் குழைத்து வாசலில் ஓர் ஒட்டு இறக்கிவிட்டார். சாணம் மெழுகிய அந்தச் சிறு திண்ணையில்தான் அவர் பகல் முழுதும் இருக்கிறார். சமைப்பதும் பின்புறத்து ஒத்தாப்பில். திட்டத்தின் குசினியில் விறகும் நெல் மூட்டையும் கிடக்கின்றன. திட்டத்தின் மண்டபத்தில் சைக்கிள் நிற்கிறது.

வெகுநாள் வரை அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சலிப்பு. நல்ல கல்வீட்டுக்கு முன்னால் இதென்ன ஓலைக் கொட்டில் என்று தோன்றும். நான் யார்? 1960களின் தொடக்கத்தில் நம் நாட்டு முற்போக்கு எழுத்தாளர் நடத்திய மரபுப் போராட்டத்தை வகுப்பறையில் பெருமையுடன் எடுத்துரைத்தவன். உழைக்கும் மக்களின் பேச்சை இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் தள்ளியபோது, அந்தப் பேச்சுக்கு இலக்கியத்தில் இடமுண்டு என்று அவர்கள் வாதாடி நிலைநாட்டியதை ஆண்டுதோறும் மாணவருக்குச் சொன்னவன். அதே நான், அதே மக்களின் ஒருத்தி தன் வீட்டைத் தன் மொழியில் சொல்ல முயன்றபோது, படத்தில் அந்தச் சொல் இல்லை என்று தள்ளிவிட்டேன். பண்டிதருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

வாவிக்கரையில் பையன் என்னிடம் கேட்டது இதைத்தான். கோபுரத்தை நான் ஏசியதில் பிழையில்லை. 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்டில், டொலரில் விலை பேசும் மாடங்கள் யாருக்காக என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏச்சோடு நான் நின்றுவிட்டேன். அழகு, வசதி, நிழல், காற்று, உட்கார ஓர் இடம் ஆகிய அனைத்தையும் செல்வந்தரின் ஆடம்பரக் கணக்கில் எழுதிவிட்டு, ஏழைக்குச் சதுர அடியை மட்டும் ஒதுக்கினேன். கோபுரத்தின் உச்சியில் வாழ்பவனுக்குக் கலைஞன் திறந்த முற்றம் வரைந்து கொடுத்தான். தரையில் வாழும் பாட்டி கேட்டதும் அதே திறந்த முற்றந்தான். ஒருவருக்கு அது கலை. மற்றவருக்கு அது படத்துக்குப் புறம்பான கோரிக்கை.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. இலங்கையின் முதற் பெண் கட்டடக் கலைஞரான மினெற் டி சில்வா, 1950களில் கண்டி வட்டப்புலுவையில் அரசாங்க ஊழியருக்கான வீடமைப்பை வரைந்தார். அதில் குடியேறவிருந்தோரிடம் முதலில் கேள்விக்கொத்து ஒன்றைக் கொடுத்தார். எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படிப் பழகுகிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டறிந்தே வரைந்தார். அவர்கள் நடுத்தர வகுப்பினர் என்பது உண்மை. ஆயினும் கேட்டார். நாங்கள் போருக்குப் பின் பல்லாயிரம் வீடு கட்டினோம். குடும்பத்தில் எத்தனை பேர், அடையாள அட்டை இலக்கம் என்ன, காணி யாருடையது என்றெல்லாம் கேட்டோம். எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சென்ற விடுமுறையில் மாணவன் ஊருக்கு வந்தான். பாட்டியின் இஸ்தோப்பை அளந்து வரைய வேண்டும் என்றான், பல்கலைக்கழக வேலைக்காம். நானும் உடன் சென்று நாடாவின் மறுமுனையைப் பிடித்தேன். நீளம் 11 அடி, அகலம் 5 அடி. முன்தடியின் உயரம் ஆளுயரத்துக்கும் சற்றுக் குறைவு. குனிந்துதான் நுழைய வேண்டும். அதனால்தான் மாலை வெயில் உள்ளே வருவதில்லை என்று அவன் எனக்குக் காட்டினான். இத்தனை ஆண்டும் அதை நான் கண்டதில்லை.

பாட்டி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாடா சுவரோரம் வந்ததும் அவர் முகம் மாறியது.

“ஏன் மாஸ்டர் அளக்குறீங்க? ஒடைக்கச் சொல்லிட்டாங்களா?”

அவர் வாழ்வில் அளவு நாடாவுடன் வந்தவர் எவரும் கொடுக்க வந்ததில்லை. “இல்லைப் பாட்டி, படிக்கிறதுக்கு” என்றான் பையன். “இத என்னாத்தப் படிக்கப் போறீங்க!” என்று சிரித்தாலும், நாங்கள் நாடாவைச் சுருட்டிப் பையில் வைக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

வரைபடத்தின் பிரதியை அவன் எனக்கு அனுப்பியிருக்கிறான். அறை, மண்டபம், குசினி எல்லாம் மெல்லிய கோட்டில். முன்னாலுள்ள ஒட்டு மட்டும் தடித்த கோட்டில். அதில் ‘இஸ்தோப்பு’ என்றே எழுதியிருக்கிறான். அந்தத் தாளைச் சங்கத்தின் பதிவேட்டில், நான் எண் எழுதிய பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் இன்னும் வீடு கிடைக்காத குடும்பங்கள் உண்டு. அடுத்த பட்டியல் வரும் நாளில் நான் செயலாளனாக இருக்கமாட்டேன். ஆனால் கூட்டத்தில் இருப்பேன். கேட்க வேண்டிய முதற் கேள்வி எதுவென்று இப்போது எனக்குத் தெரியும்.